வீட்டிலேயே மரச்சாமான் செய்ய நல்ல பிளான் எங்கே கிடைக்கும்?

மேசை, அலமாரி மாதிரி சாமான்களை வீட்டிலேயே செய்து பார்க்க நல்ல பிளான் எங்கே கிடைக்கும், இலவசமானதை நம்பலாமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா, செய்ததை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இறக்கிய ஒரு பிளானில் போட்டிருந்த அளவுப்படி வெட்டியும் துண்டுகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிளானுக்கு இன்று பஞ்சமே இல்லை, தேடினால் கொட்டுகிறது. எதை நம்பி மரத்தில் வாளை வைக்கலாம் என்பதுதான் சிக்கல். மரவேலைக்கு வரைபடம் போடுவதும், பிறர் போட்டதைத் திருத்திப் பட்டறைக்கு அனுப்புவதும் பல வருடமாக என் பிழைப்பு. அதனால் எங்கே தேடுவது என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, கையில் வந்த பிளானை எப்படிச் சோதிப்பது என்பதை முதலில் சொல்கிறேன்.

ஓர் அழகான படமும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களும் மட்டும் இருந்தால் அது விளம்பரம், பிளான் இல்லை. பிளானில் முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என மூன்று தோற்றங்களும் அளவோடு இருக்க வேண்டும். துண்டுகளைக் கழற்றி விரித்துக் காட்டும் படம் ஒன்று, ஒவ்வொரு துண்டின் கனம், அகலம், நீளம், எண்ணிக்கை கொண்ட வெட்டுப் பட்டியல், திருகு, கீல், டிராயர் சேனல் விவரம், எதை முதலில் ஒட்டி எதைப் பிறகு சேர்ப்பது என்ற வரிசை இவையும் வேண்டும். சுமாரான பிளானில்கூட இவற்றில் பாதி இருக்கும். பெரும்பாலும் காணாமல் போவது இணைப்பின் வெட்டுத் தோற்றம், அதாவது இரண்டு கட்டைகள் சேரும் இடத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன தெரியுமோ அந்தப் படம். புதிய பிளான் ஒன்றைத் திறந்தால் நான் முதலில் தேடுவது அதைத்தான். அது இருந்தால் வரைந்தவர் தானே செய்திருக்கிறார், இல்லை செய்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். "பசையும் திருகும் போட்டு இணைக்கவும்" என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். புகைப்படங்களும் உதவும். கிளாம்ப் மாட்டி, பசை பிதுங்கி, கீழே மரத்தூள் கிடக்கும் அரைகுறை நிலைப் படங்கள் இருந்தால் அந்த பிளானை வைத்து ஒரு சாமான் உண்மையிலேயே செய்யப்பட்டிருக்கிறது.

அடுத்தது கூட்டல் கழித்தல். ஒரு சின்ன மேசையை எடுத்துக்கொள்வோம். மேற்பலகை 600 × 400 மி.மீ., அதன் கனம் 20, மொத்த உயரம் 450. கால்கள் 45 × 45 சதுரம். மேற்பலகை நாலு பக்கமும் 25 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கால்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 550 × 350. இரண்டு கால்களின் கனம் 90 போனால், நடுவில் மிஞ்சுவது ஒரு பக்கம் 460, மறுபக்கம் 260. கால்களைச் சேர்க்கும் சட்டத்தின் இரு முனையிலும் 25 மி.மீ. நாக்கு (முனையைச் செதுக்கி விடும் மெல்லிய நீட்டம்) விட்டு, காலில் துளையடித்துச் செருகுவதாக இருந்தால் சட்டத்தை வெட்ட வேண்டிய நீளம் 510, 310. கால் நீளம், மேற்பலகையின் கனம் போக, 430. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிட்டு பிளானின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையான பிளானில் கால் 450 என்றிருக்கும், சட்டம் 460 என்று நாக்கைச் சேர்க்காமல் இருக்கும், இல்லையென்றால் படத்தில் ஓர் எண்ணும் பட்டியலில் வேறோர் எண்ணும் இருக்கும். பத்து நிமிட வேலை இது. நீங்கள் சொன்ன "சேரவில்லை" என்ற தொல்லையில் பெரும்பகுதி இங்கேயே பிடிபட்டுவிடும்.

அதே மேசையில் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு காலிலும் இரண்டு சட்டங்கள் செங்குத்தாக வந்து சேர்கின்றன. இரண்டின் நாக்கும் ஒரே காலுக்குள்தான் போயாக வேண்டும். 20 மி.மீ. கனச் சட்டத்தை வெளிப்பக்கமாக ஒதுக்கி வைத்து, 8 மி.மீ. கனத்தில் நாக்கு விட்டிருந்தால் 25 மி.மீ. நீள நாக்குகள் ஒன்றையொன்று தொடாமல் தப்பிக்கும். சட்டத்தைக் காலின் நட்டநடுவில் வைத்திருந்தால் அதே 25 உள்ளே முட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல பிளான் "நாக்கின் நுனியை 45 டிகிரியில் சீவவும்" என்று சொல்லியிருக்கும், இல்லை நாக்கின் நீளத்தைக் குறைத்திருக்கும். இதைப் பற்றி மூச்சே விடாத பிளான், அந்த இடத்தில் உளி பிடித்தவர் வரைந்ததாக இருக்காது.

அளவு முறை இன்னொரு பொறி. இணையத்தில் கிடைக்கும் பிளான்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் வரைந்தவை. அங்கே 2×4 என்று அழைக்கும் கட்டையின் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 38 × 89 மி.மீ. 1×4 என்றால் 19 × 89. அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான், பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. பிளானின் வெட்டு நீளங்கள் எல்லாம் அந்த 38-ஐ மனதில் வைத்துப் போட்டவை. உங்களிடம் முழு 50 மி.மீ. கனத்தில் கட்டை இருந்து, பிளானில் உள்ள நீளத்துக்கே வெட்டினால், ஒவ்வொரு கட்டைக்கும் 12 மி.மீ. ஏறிக்கொண்டே போகும். பிளைவுட்டிலும் இதே கதைதான். முக்கால் அங்குலம் என்று விற்பது பல நேரம் 23/32 அங்குலம், சுமார் 18.3 மி.மீ. அதைச் செருக 19 மி.மீ. அகலத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்தால் பலகை உள்ளே லொடலொடவென்று ஆடும். ஆகவே முதலில் கையில் உள்ள பலகையை அளந்து, பிறகு பட்டியலைத் திருத்துங்கள். அங்குல பிளானை மில்லிமீட்டருக்கு மாற்றும்போது பட்டியலை அப்படியே 25.4-ஆல் பெருக்கிவிட்டுப் போகாமல், மொத்த அளவுகளை மட்டும் மாற்றி, துண்டுகளின் நீளத்தைப் புதிதாகக் கணக்கிடுவது பத்திரம்.

பிளைவுட் வெட்டும் படத்தில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகை என்பது சுமார் 1220 × 2440 மி.மீ. ஓர் அடி ஆழமுள்ள புத்தக அலமாரிக்கு 305 அகலத்தில் நாலு பட்டை எடுக்கலாம் என்று காட்டும் படங்கள் நிறைய உலவுகின்றன. தாளில் கணக்கு சரிதான், நாலு முந்நூற்றைந்து 1220. ஆனால் ரம்பத் தகடு ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும். மூன்று வெட்டுக்கு 9 மி.மீ. போக, கிடைப்பது முந்நூற்று இரண்டே சொச்சம். வெட்டுக் கழிவைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்பது வரைந்தவரின் அனுபவத்தைக் காட்டிக்கொடுக்கும் நல்ல அடையாளம்.

இதுவரை சொன்னது வெறும் கணக்கு. அடுத்தது மரத்தின் குணம். இதிலும் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. காற்றின் ஈரம் மாறும்போது மரம் ரேகைக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நார்க் கோடுகளுக்கு, குறுக்கே விரியும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குக் குறைவு. சிவப்பு ஓக் மரத்தைத் தட்டையாக அறுத்துச் செய்த 900 மி.மீ. அகல மேற்பலகையை எடுத்துக்கொண்டால், மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறும்போது அகலம் சுமார் 13 மி.மீ. மாறும். தேக்கு அமைதியான மரம், ஆனால் அதிலும் 7 மி.மீ. பக்கம் வரும். இந்தக் கணக்குக்கான எண்கள் அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் வுட் ஹேண்ட்புக் என்ற நூலில் மரம் மரமாக இருக்கின்றன. 1935-இல் தொடங்கி வரும் நூல் அது, 2021 பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பிளானில் இதை எங்கே பார்ப்பது? மேற்பலகை சட்டத்தோடு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். நீள்துளையில் திருகு, இல்லை காடியில் நகரும் மரக்கட்டை, இல்லை அதற்கென்று விற்கும் உலோகக் கொக்கி, இப்படி ஏதாவது ஒன்றில் பலகை அசைய வழி விட்டிருக்க வேண்டும். நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கச் சொல்லும் பிளானை மூடி வைத்துவிடுங்கள். சமையல் மேசைப் படங்களில் பலகையின் இரு முனையிலும் குறுக்காக ஒரு பட்டை ஒட்டியிருப்பார்களே, அதைச் செய்யச் சொல்லும்போது முழு நீளத்துக்கும் பசை போடச் சொன்னால் பலகை ஒரு நாள் பிளக்கும். நடுவில் மட்டும் பசை, ஓரங்களில் நீள்துளையும் முளையும் என்றிருந்தால் சரி. பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைகளுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. முதல் சாமானுக்கு பிளைவுட்டையே நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

புத்தக அலமாரி என்றால் தட்டு தொய்வதைப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி புத்தகங்களை நெருக்கி அடுக்கிய தட்டில், தாங்கும் இடங்களுக்கு நடுவேயுள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு 16 மடங்காகும். பலகையின் கனத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். இதனால்தான் 600 மி.மீ. தட்டில் கம்பீரமாக நின்ற பலகை, "கொஞ்சம் அகலமாகச் செய்வோமே" என்று 1000 ஆக்கினால் வாழையிலைபோல் வளைகிறது. சேகுலேட்டர் என்றொரு இலவசக் கணிப்பான் இணையத்தில் இருக்கிறது. மரம், நீளம், கனம், எடை கொடுத்தால் எவ்வளவு தொய்யும் என்று சொல்லிவிடும். 18 மி.மீ. துகள்பலகையில் 600-க்கு மேல், பிளைவுட்டில் 800-க்கு மேல் தாங்கல் இல்லாமல் புத்தகத் தட்டு போடும் பிளானை அதில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் நான் விடுவதில்லை. இந்த 600, 800 என்பவை என் கைக்கணக்கு, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதற்கும் சில எண்கள் உண்டு. சாப்பாட்டு மேசையின் உயரம் 710 முதல் 760 மி.மீ., நாற்காலி இருக்கை 430 முதல் 460, ஓர் ஆளுக்கு மேசை விளிம்பில் 600 மி.மீ. அகலம். இவற்றைப் பார்க்கும் பலரும் மேற்பலகைக்கு அடியில் இருக்கும் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 750 உயர மேசையில் பலகை 25, சட்டம் 100 என்றால் சட்டத்தின் அடி 625-இல் நிற்கும். 450 உயர இருக்கையில் உட்கார்ந்தால் தொடைக்கு 175 கிடைக்கும், போதும். சட்டத்தை 150 ஆக்கிவிட்டால் 125 மட்டுமே மிஞ்சும், உட்காருகிறவர் நெளிவார்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "19 மி.மீ. கனத்துக்கு இழைக்கவும்" என்றால் இயந்திர இழைப்பான் இருக்க வேண்டும், இல்லை இழைத்த பலகையாகவே வாங்க வேண்டும். கைவாளும் டிரில்லும் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த பிளான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொருந்தாது. டிராயர் இருந்தால் மட்டும் ஒன்று: சேனலை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியின் அகலத்தை முடிவு செய்யுங்கள். பக்கவாட்டில் மாட்டும் சாதாரண பால்பேரிங் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. இடம் வேண்டும், ஆகவே பெட்டி திறப்பைவிட 25.4 மி.மீ. குறுகலாக இருக்க வேண்டும். அடியில் மாட்டும் வகைக்குக் கணக்கே வேறு, அதோடு வரும் தாளைப் பார்க்க வேண்டும். சாய்வாகத் துளையிட்டு முடுக்கும் பாக்கெட் ஹோல் திருகு காலத்துக்கும் நிற்குமா என்று கேட்டால் அங்கே நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். அலமாரியின் முன்பக்க விளிம்பைச் சுற்றி வரும் முகச்சட்டத்துக்குத் தாராளமாகப் போடுவேன், நாற்காலிக்குப் போடமாட்டேன். மரவேலைக்காரர்கள் இதில் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள்.

சரி, எங்கே தேடுவது? காசு கொடுக்கத் தயார் என்றால் மரவேலைப் பத்திரிகைகளின் பிளான்கள்தான் என் முதல் தேர்வு. 1975 முதல் வரும் ஃபைன் வுட்வொர்க்கிங், அப்புறம் பாப்புலர் வுட்வொர்க்கிங், வுட்ஸ்மித் போன்றவை. செய்பவர் ஒருவர், வரைபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று பல கண்கள் பட்டு வருவதால் பிழை குறைவு. பத்திரிகைக்குப் பத்திரிகை தரம் மாறும். சிலது கருவிகள் நிறைந்த பட்டறையை எதிர்பார்க்கும், வுட்ஸ்மித் படங்கள் தொடக்கக்காரருக்குக் கொஞ்சம் எளிது. இலவசம் வேண்டுமென்றால் ஆனா வைட் என்ற இணையதளம். எளிய கட்டைகள், எளிய இணைப்புகள், கூடவே அந்த பிளானை வைத்துச் செய்தவர்கள் போட்ட படங்கள். அந்தப் படங்களையும் கீழே உள்ள கருத்துகளையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் பிளானைத் திறப்பேன். "மூன்றாவது படியில் அளவு தப்பு, 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று யாராவது ஒரு புண்ணியவான் எழுதியிருப்பார்.

பழைய சரக்கிலும் நல்லது உண்டு. பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகை 1909 முதல் 1912 வரை மூன்று பாகமாக வெளியிட்ட மிஷன் ஃபர்னிச்சர் கையேடுகள் பிராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேர்க்கோடும் சதுரமுமான சாமான்கள், துளை-நாக்கு இணைப்புகள், பொருள் பட்டியலோடு. வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல இடம். இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974-இல் வெறும் பலகையும் ஆணியும் சுத்தியலும் வைத்து யாரும் செய்யக்கூடிய 19 சாமான்களின் வரைபடங்களை, தபால் செலவு மட்டும் அனுப்பியவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பூ வேலையும் பளபளப்பும் எதிர்பார்ப்பவருக்கு அவை ஏமாற்றம்தான். ஒரு மேசை ஏன் ஆடாமல் நிற்கிறது என்று புரிந்துகொள்ள அவற்றைவிட எளிய பாடம் நான் பார்த்ததில்லை.

ஸ்கெட்ச்அப் என்ற கணினி வரைபட மென்பொருளின் 3டி வேர்ஹவுஸ் தொகுப்பில் மாடல்கள் மலைபோல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் வடிவத்துக்கு யோசனை எடுக்க மட்டும் அது சரி. "ஆயிரக்கணக்கான பிளான்கள், ஒரே விலை" என்று கூவும் தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அங்கங்கே அள்ளிய, அளவு முறை கலந்த, மங்கலான ஸ்கேன்கள் நிறைந்த ஒரு தொகுப்பை ஒரு வாடிக்கையாளருக்காகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன், உருப்படியாக ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் நானே வரைந்திருக்கலாம். செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் பிளான்களும் இப்போது புழங்குகின்றன. படம் கண்ணைப் பறிக்கும், பட்டியலும் ஒழுங்காகத் தெரியும். மேலே சொன்ன கூட்டல் கழித்தலில் போட்டுப் பார்க்காமல் அதில் ஒரு துண்டையும் வெட்டாதீர்கள்.

எந்த பிளானானாலும் வெட்டுவதற்கு முன் ஒரு பழைய பிளைவுட் துண்டிலோ அட்டையிலோ, சாமானின் ஒரு பக்கத் தோற்றத்தை முழு அளவில் பென்சிலால் வரைந்துவிடுங்கள். மூலைமட்டமும் நீள அளவுகோலும் போதும். அதற்குப் பிறகு துண்டுகளின் நீளத்தை அந்தக் கோடுகளில் வைத்தே குறிக்கலாம், டேப்பை எடுக்கும் வேலை குறையும், எண்ணைத் தப்பாகப் படிக்கும் ஆபத்தும் போகும். கணினியில் வரைவதைவிடப் புதியவர்களுக்கு இதுதான் வேகம்.

சில சாமான்களுக்கு என் பேச்சும் போதாது, இணைய பிளானும் போதாது. குழந்தைத் தொட்டில் முதலாவது. பக்கவாட்டை இறக்கி ஏற்றும் தொட்டில்களை அமெரிக்கா 2011-இல் தடை செய்தது, குழந்தைகள் இறந்ததால். பழைய பிளான்கள் பலவற்றில் அந்த அமைப்பு இன்னமும் இருக்கிறது. கம்பிகளுக்கு நடுவே 60 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. அடுக்குக் கட்டிலுக்கும் தடுப்பு மெத்தையின் மேல்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர வேண்டும் என்பதுபோன்ற விதிகள் உண்டு. இவற்றைச் செய்வதாக இருந்தால் உங்கள் நாட்டின் பாதுகாப்புத் தரத்தை எடுத்து அதோடு பிளானை ஒப்பிடுங்கள், ஒப்பிட முடியாவிட்டால் கடையில் வாங்குங்கள். உயரமான அலமாரியும் டிராயர் பெட்டியும் சுவரோடு பிணைக்கப்பட வேண்டும். கீழ் டிராயரைப் படியாக்கி ஏறும் குழந்தையின் மேல் மொத்தமும் கவிழ்ந்த சம்பவங்கள் நிறைய. பிணைக்கும் பட்டை பிளானில் இல்லையென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. செய்த சாமானை விற்க, பிளானோடு வரும் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். சிலர் தாராளமாக விற்கச் சொல்கிறார்கள், சிலர் எண்ணிக்கை வரம்பு வைக்கிறார்கள், சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். பிளானின் பிடிஎஃப்-ஐ அப்படியே பிறருக்கு அனுப்புவது, விற்பது இரண்டும் அநேகமாக எல்லா இடத்திலும் தவறுதான். பதிப்புரிமை முடிந்த பழைய நூல்களிலிருந்து எடுத்ததென்றால் அந்தக் கவலை இல்லை, ஆனால் அது முடிந்ததா என்பது நாட்டுக்கு நாடு மாறும். நிபந்தனை எதுவும் எழுதாமல் இருந்தால் வரைந்தவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் பதில் போடுவார்கள்.